தம்பிக்கு இரண்டு இடுப்பிலும் ஏவிஎன்: தோப்பை விற்று ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

வேலந்தாவளத்துக்காரி | ஜூன் 3, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதலில் எழுதுகிறேன்.

தம்பிக்கு 34 வயது. பால் சொசைட்டிக்கு வண்டி ஓட்டுகிறான். ஒன்றரை வருடமாக வலது காலில் வலி. முட்டி வலி என்றுதான் முதலில் சொன்னான். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை. அப்புறம் ஒருவர் முதுகு டிஸ்க் என்றார். பெல்ட் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஓடியது. கடைசியில் தொடை இடுக்கில் குத்த ஆரம்பித்து, வண்டியில் ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்கும் நிலை வந்தது. அதற்குப் பிறகுதான் கோவையில் எம்ஆர்ஐ.

ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் ஏவிஎன் என்று போட்டிருக்கிறது, ரத்தம் போகாமல் இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போகிற நோயாம். வலது மூன்றாம் நிலை, இடுப்பு மூட்டில் இருக்கிற பந்து அமுங்கிவிட்டதாம். இடது இரண்டாம் நிலை. இடது பக்கம் அவனுக்கு வலியே கிடையாது, அதுதான் புரியவில்லை.

எலும்பு டாக்டர் வலதுக்கு மூட்டு மாற்று, இடதுக்குத் துளை போட்டு எலும்பு மஜ்ஜை வைக்கலாம் என்கிறார். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "முப்பத்திநாலு வயசுப் பையனுக்கு இரும்பு மூட்டா?" என்று சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இதற்கிடையில் ஓர் ஊசி சென்டரில், ஆபரேஷனே வேண்டாம், மூன்று தடவை ஸ்டெம் செல் ஊசி போட்டால் இரண்டு பக்கமும் புது எலும்பு வளரும், ஏழு லட்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோப்பில் அறுபது சென்ட்டை விற்க அப்பா தயார். பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறது. அதற்குள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

—

பனையேறி | ஜூன் 3, இரவு 10.15

அக்கா, தப்பா நினைக்காதீங்க. தம்பி எவ்வளவு குடிப்பார்? நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குப் பேர் போன இடம். என் மச்சானுக்கு இதே நோய்தான், அவன் பிராந்தி.

—

வேலந்தாவளத்துக்காரி | ஜூன் 3, இரவு 10.22

தம்பி தொடுவதே இல்லைங்க.

—

பொள்ளாச்சி பிசியோ | ஜூன் 3, இரவு 11.40

ஞாயிற்றுக்கிழமை பார்ட்டியை முதலில் தள்ளிப்போடச் சொல்லுங்கள் அக்கா. மீதியைப் பேசுவோம்.

தொடை எலும்பின் மேல் நுனியில் ஒரு பந்து இருக்கிறது, அது இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. அந்தப் பந்துக்கு ரத்தம் போகும் வழி குறுகல். எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் சில மெல்லிய குழாய்களைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறது. அவை அடைத்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி நசுங்கினாலோ அந்தப் பகுதி எலும்பு செத்துப்போகும். கழுத்து முறிவு, மூட்டு பிசகுவது, அதிகக் குடி, ஸ்டீராய்டு, அரிவாள் செல் ரத்தசோகை, லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய்) எல்லாமே காரணமாகலாம். செத்த உடனே ஒன்றும் தெரியாது. வடிவம் அப்படியே இருக்கும், எக்ஸ்ரேயும் சுத்தமாக வரும். எம்ஆர்ஐயில் மட்டும் தெரியும். தம்பியின் இடது பக்கத்தில் வலி இல்லாததற்கு இதுதான் காரணம். ஒரு பக்கம் வந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வதும் இதனால்தான். பாதிப் பேருக்கு மேல் இரண்டு பக்கமும் இருக்கும்.

தோப்புக்காரர்களுக்குச் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. சிகப்புக் கூன்வண்டு விழுந்த தென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் வெளியே பச்சையாக நிற்கும், காய்க்கும். உள்ளே புழு குடைந்துகொண்டிருக்கும். தண்டில் காது வைத்துக் கேட்கிறவனுக்குத்தான் தெரியும். குருத்து சாய்ந்த பிறகு எல்லோருக்கும் தெரியும், ஆனால் அப்போது தெரிந்து பயன் இல்லை. முதல், இரண்டாம் நிலை என்றால் மரம் நிற்கிறது. மூன்றாம் நிலை என்றால் குருத்து சாய்ந்தாயிற்று.

செல் வைப்பதா, மூட்டு மாற்றுவதா என்ற கேள்விக்கு வயதைவிட இதுதான் முக்கியம்: பந்து இன்னும் உருண்டையாக இருக்கிறதா, அமுங்கிவிட்டதா?

தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். கடந்த நான்கைந்து வருடத்தில் அரிப்பு, வீசிங், கோவிட், முதுகுவலி என்று ஏதாவதுக்குச் சின்ன வெள்ளை மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டாரா?

—

வேலந்தாவளத்துக்காரி | ஜூன் 4, காலை 6.30

கேட்டேன். முதலில் இல்லை என்றான். அம்மா அலமாரியிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து வந்து போட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். தோல் அரிப்புக்கு ஒருமுறை டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்ததாம். மாத்திரை நன்றாகக் கேட்டதால் அதே பட்டையைக் காட்டிக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வருடமாக வாங்கியிருக்கிறான். சீட்டு கேட்கவே இல்லையாம். பட்டை பாதி கிழிந்திருக்கிறது, "சொலோன்" என்ற கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன.

—

பொள்ளாச்சி பிசியோ | ஜூன் 4, காலை 7.05

பிரெட்னிசொலோன், ஸ்டீராய்டு மாத்திரை. அவ்வளவுதான், காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இன்றைக்கே சடாரென்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வருடம் சாப்பிட்ட உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதையே மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் பட்டையைக் காட்டுங்கள், படிப்படியாகக் குறைப்பார். மயக்கம் கொடுக்கிற டாக்டருக்கும் இது கட்டாயம் தெரிய வேண்டும்.

—

வாளையார்_லாரி | ஜூன் 4, பகல் 1.20

நானும் இதே நோய்க்காரன்தான். எனக்கு 2020இல் வந்தது, வலது பக்கம், இரண்டாம் நிலை. முதலில் இடுப்பு எலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் மஜ்ஜை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே அதிலிருந்து எலும்பு செல்லை வளர்க்கிறார்கள். ஐந்து வாரம் காத்திருப்பு. அப்புறம் ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பந்து வரைக்கும் துளை போட்டு, வளர்த்த செல்லைப் பசை மாதிரி ஒன்றோடு கலந்து உள்ளே வைத்தார்கள். ஆறு வாரம் கால் ஊன்றவில்லை. இன்றைக்குப் பத்துச் சக்கர வண்டி ஓட்டுகிறேன், பாலக்காடு சேலம் ட்ரிப். பணம் போனது போனதுதான், கால் என்னுடையது.

அதனால் அக்கா, செல் சிகிச்சை எல்லாம் ஏமாற்று என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. இரண்டு பக்கமும் அதையே செய்யுங்கள். முதலிலேயே மூட்டை அறுத்து எறிய வேண்டாம்.

—

பொள்ளாச்சி பிசியோ | ஜூன் 4, இரவு 9.30

வாளையார் அண்ணா, செல் சிகிச்சை உங்களுக்குக் கேட்டதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உங்களுக்கு இரண்டாம் நிலையில் செய்தார்கள், அதனால் கேட்டது. அக்கா தம்பியின் வலது பக்கம் மூன்றாம் நிலை. அங்கேதான் நாம் பிரிகிறோம்.

பாரிஸை ஒட்டிய கிரெத்தேயில் எர்னிகு என்ற எலும்பு மருத்துவர் இந்த மஜ்ஜை வைக்கிற முறையைப் பல வருடமாகச் செய்தவர். ஸ்டீராய்டால் இரண்டு இடுப்பும் கெட்ட 125 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் வெறும் துளை, மறுபக்கம் துளையோடு மஜ்ஜைச் செறிவு (மஜ்ஜையிலிருந்து செல்லைத் திரட்டி எடுத்தது) என்று செய்தார். எல்லாம் பந்து அமுங்காத நிலையில். இருபது முப்பது வருடம் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்டார். வெறும் துளை போட்டதில் 90 இடுப்பு அமுங்கியது, மஜ்ஜை வைத்ததில் 35. ஒரே ஆள், ஒரே உடம்பு, ஒரே மாத்திரை, இரண்டு கால்கள். தம்பியின் இடது காலுக்கு நேராகப் பொருந்துகிற கணக்கு இது.

அதே வருடம் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்றில் மூன்றாம் நிலைக்காரர்களுக்கு இதையே செய்து பார்த்தார்கள், யாருக்கு எது வைத்தது என்று நோயாளிக்கும் தெரியாமல். மஜ்ஜைச் செறிவால் பலன் இல்லை என்றுதான் முடிவு. செல் உயிரோடு இருக்கலாம், நல்ல செல்லாகவும் இருக்கலாம். ஆனால் நசுங்கிய பந்தை அது திரும்ப உருட்டித் தராது. பந்து கோணலானால் கிண்ணமும் சேர்ந்து தேயும்.

ஊசி சென்டர் சொல்வது இது இரண்டுமே இல்லை. துளை போடாமல் மூட்டு இடைவெளியில் ஊசி போட்டால், செத்த எலும்பு குருத்தெலும்புக்கு அடியில் கிடக்கும்போது மருந்து எப்படி அங்கே போகும்? அதைக் கேளுங்கள். இன்னொன்று. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தேசிய வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகள் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் ஆய்வுக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. லேபில் வளர்த்த செல்லுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். அந்த சென்டரில் அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

—

மூலிகைப் பித்தன் | ஜூன் 5, காலை 8.00

அறுப்பதற்கே பிறந்தவர்கள். நல்ல தைலம், கிழி, வஸ்தி, 41 நாள் பத்தியம். என் சித்தப்பா நடந்தார்.

—

பொள்ளாச்சி பிசியோ | ஜூன் 5, காலை 8.25

சித்தப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தீர்களா, எந்த நிலை?

—

மூலிகைப் பித்தன் | ஜூன் 5, காலை 8.31

எம்ஆர்ஐ எதற்கு, வலி போய்விட்டதே.

—

கல்பாத்தி பென்ஷனர் | ஜூன் 5, காலை 10.10

வலி போகும் ஓய், நிஜந்தான். எனக்கும் போச்சு. ஆறு மாசம் தைலம் தேய்ச்சுண்டு, வலி குறைஞ்சுதுன்னு நடந்துண்டே இருந்தேன். அந்த ஆறு மாசத்திலேதான் பந்து அமுங்கித்து. தைலத்தைக் குறை சொல்லலை, உடம்புக்குச் சுகமா இருந்தது. நான் அதுக்குக் கொடுத்த வேலைதான் தப்பு.

குழந்தை, அப்பாவிடம் இதைப் படிச்சுக் காட்டு. எனக்கு 2003இல், 49 வயசில் வலது மூட்டை மாற்றினார்கள். பயந்து நடுங்கினேன். இரும்பு என்றால் முழுக்க இரும்பு இல்லை. தண்டு டைட்டானியம், பந்து உலோகம் அல்லது செராமிக், கிண்ணத்துக்குள் உறை மாதிரி ஒரு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் லைனர். 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி தொடங்கிவைத்த வழிதான், பிளாஸ்டிக் தரம் மட்டும் இப்போது எவ்வளவோ மேல். எனக்கு 2019இல் லைனர் தேய்ந்து அதை மட்டும் மாற்றினார்கள், நாலு நாளில் வீட்டில் இருந்தேன். தேர் சமயத்தில் கல்பாத்தி வீதியை மூணு தடவை சுற்றுகிறேன்.

ஆனால் 34 வயசு என்பது நிஜமாகவே சின்ன வயசு, அதை மறைக்க வேண்டாம். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 58 சதவீதம் 25 வருடம் தாங்குகிறது. அதுவும் பெரும்பாலும் வயசானவர்களை வைத்துப் போட்ட கணக்கு. பையனுக்கு வாழ்நாளில் இன்னொரு தடவையாவது திறக்க வேண்டியிருக்கலாம். அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் அதுக்கு மருந்து ஊசி சென்டரில் இல்லை.

—

பனையேறி | ஜூன் 5, பகல் 2.00

மச்சானுக்கு வெறும் துளை மட்டும் போட்டாங்க. பத்து மாசத்துல அமுங்கிடுச்சு. இத்தனைக்கும் இரண்டாம் நிலைதான்னு சொன்னாங்க. அது ஏன்?

—

பொள்ளாச்சி பிசியோ | ஜூன் 5, இரவு 10.00

நிலை மட்டும் போதாது, செத்த பகுதி எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐயில் முன்னிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், இரண்டிலும் செத்த பகுதியின் கோணத்தை அளந்து கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 190 டிகிரிக்குக் கீழே என்றால் தப்பிக்க நல்ல வாய்ப்பு. 240க்கு மேலே போனால் பெரும்பாலும் அமுங்கியே தீரும். மச்சான் குடியை விட்டாரா என்பதையும் சொல்லவில்லையே நீங்கள்?

அக்கா, தம்பியின் இடது பக்கக் கோணம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட்டில் இருக்காது, கேட்டால் அளந்து சொல்வார்.

மூட்டைக் காப்பாற்ற வேறு வழிகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கால் பக்கத்து மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து வைத்துத் தைப்பது ஒன்று. மணிக்கணக்கில் நடக்கிற நுண் அறுவை. கல்கத்தாவில் டாக்டர் பக்ஷி, தசை ஒட்டிய எலும்புத் துண்டையே திருப்பி வைக்கிற முறையைப் பல வருடம் செய்து 1991இல் முடிவுகளை வெளியிட்டார். ஜப்பானில் சுகியோகா பந்தையே திருகி, கெடாத பக்கம் பாரம் தாங்குமாறு வைத்தார். எல்லாமே கை பழகினவர் செய்தால்தான் பலன். எலும்பு கரைவதைக் குறைக்கிற அலெண்ட்ரோனேட் மாத்திரையில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண், சேர்த்துக் கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

—

அட்டப்பாடி நர்ஸ் | ஜூன் 6, காலை 5.45

நைட் டியூட்டி முடித்து எழுதுகிறேன். தம்பிக்குச் சம்பந்தமில்லை, ஆனால் எல்லையோரக்காரர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால். இங்கே மலை மக்களில் அரிவாள் செல் அதிகம். நீலகிரியில் 1952இலேயே கண்டுபிடித்து எழுதினார்கள். வயநாட்டிலும் இங்கேயும் உண்டு. அந்த செல்கள் வளைந்து விறைத்து இடுப்புப் பந்தின் ரத்தக்குழாயை அடைத்துவிடும். நொண்டி நடக்கிற பையனைப் பார்த்து "மரத்திலிருந்து விழுந்திருப்பான்" என்று வீட்டில் சொல்வார்கள். தயவுசெய்து ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள். அறுவைக்கு முன்பே தெரிந்தால்தான் மயக்கத்தின்போது ஆக்சிஜன், தண்ணீர்ச் சத்து, உடம்புச் சூடு மூன்றையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

—

வேலந்தாவளத்துக்காரி | ஜூன் 9, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. பார்ட்டியைத் தள்ளிப்போட்டோம். சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு சென்டருக்குப் போய் அனுமதிக் காகிதம் கேட்டேன். "நெட்டில் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கு வகுப்பு எடுக்காதீர்கள்" என்றார்கள். எலும்பு டாக்டரிடம் கோணம் கேட்டேன். இடது பக்கம் 180 சொச்சம் என்று அளந்து சொன்னார்.

இரவு பிசியோ அண்ணன் எழுதிய கூன்வண்டுக் கணக்கை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு "குருத்து சாஞ்ச மரத்துக்கு மருந்து ஊத்தி என்ன பண்றது, பக்கத்து மரத்தையாவது பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். தோப்பு விற்கவில்லை.

இப்போது காசுதான். ரேஷன் கார்டு கேரளா, ஆசுபத்திரி கோவை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இருப்பவர்களுக்குத்தானாம். கேரள அரசுக் காப்பீடான காருண்யா அட்டை இருக்கிறது. ஆனால் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் எதைக் கேட்டாலும் அடுத்த கவுண்டரைக் காட்டுகிறார்கள்.

—

கல்பாத்தி பென்ஷனர் | ஜூன் 9, இரவு 9.00

காருண்யா அட்டை இருந்தால் கேரளாவிலேயே மெடிக்கல் காலேஜில் கேளு. மூட்டு மாற்று அதில் வரும். துளையும் மஜ்ஜையும் வருமா என்று காப்பீட்டு மேஜையில் எழுத்தில் வாங்கிக்கொள். வாயால் சொன்னது டிஸ்சார்ஜ் அன்னிக்கு மறந்துபோகும்.

—

வேலந்தாவளத்துக்காரி | ஆகஸ்ட் 2, மாலை 6.40

கேட்டவர்களுக்காக. ஜூலை 18இல் இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்துவிட்டார்கள். முதுகில்தான் ஊசி, தம்பி பாதி நேரம் விழித்திருந்தான், அவன் சொன்னதை எழுதுகிறேன்.

முதலில் இடது பக்கம். இடுப்பு எலும்பு மேட்டில் தடித்த ஊசியை இறக்கி, சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக மஜ்ஜை இழுத்தார்களாம். ஓர் இடத்தில் சிறிது இழுத்ததும் ஊசியைத் திருப்பி வேறு பக்கம். ஒரே இடத்தில் நிறைய இழுத்தால் வெறும் ரத்தம்தான் வரும், செல் வராது என்று டாக்டர் ஜூனியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எடுத்ததை ஒரு மெஷினில் போட்டுச் சுற்றவிட்டார்கள். தம்பி அங்கே படுத்துக்கொண்டே "நம்ம சொசைட்டியில் கிரீம் பிரிக்கிற மெஷின்" என்றானாம், தியேட்டரே சிரித்ததாம். கடைசியில் நின்றது ஒரு சின்ன சிரிஞ்ச் அளவு. அதற்குள் தொடையின் பக்கவாட்டிலிருந்து எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே பந்து வரை துளை போட்டு, குருத்தெலும்புக்குச் சற்று முன்னே நிறுத்தி, அந்தக் கிரீமை உள்ளே விட்டார்கள். பிறகு வலதைத் திறந்து மூட்டு மாற்றினார்கள். எடுத்த பந்தை டாக்டர் எங்களிடம் காட்டினார். மேலே வழவழவென்று இருந்தது, விரலால் அமுக்கினால் பிங்பாங் பந்து மாதிரி உள்ளே போய் வந்தது. அப்பா அதைப் பார்த்த பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மறுநாளே நிற்கச் சொன்னது புது மூட்டுக் காலில். சொந்தக் காலுக்குத்தான் ஆறு வாரம் ஓய்வு, பாரம் போடக் கூடாது. வாக்கர் பிடித்துக்கொண்டு தம்பி குழம்பிப்போனான், கெட்ட கால் எது நல்ல கால் எது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

—

வாளையார்_லாரி | ஆகஸ்ட் 2, இரவு 8.00

நல்லது அக்கா. எனக்குச் செய்த மாதிரி லேபில் வளர்க்காமல் அப்போதே வைத்துவிட்டார்களே, அது போதுமா என்று எனக்கு உறுத்துகிறது. ஆனால் பிங்பாங் பந்து என்று எழுதினீங்களே, அதற்கு என்னுடைய செல் வைத்தாலும் நின்றிருக்காது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

—

பொள்ளாச்சி பிசியோ | ஆகஸ்ட் 3, காலை 6.50

மூன்று மாதம் சம்மணம் வேண்டாம், தாழ்ந்த திண்ணையில் உட்கார வேண்டாம், கழிப்பறையில் கமோட் நாற்காலி. படுக்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. இடது பக்கத்துக்கு ஆறாவது மாதம் எம்ஆர்ஐ, மறக்காதீர்கள்.

—

வேலந்தாவளத்துக்காரி | அக்டோபர் 27, இரவு 9.10

நேற்றிலிருந்து வண்டி எடுக்கிறான், டாக்டர் சம்மதத்தோடு, பக்கத்துச் சொசைட்டி வரை மட்டும். கேன் தூக்க வேறு பையன். மாத்திரை முழுதும் நின்றுவிட்டது. அரிப்புக்குத் தோல் டாக்டரிடம் காட்டிக் களிம்பில் இருக்கிறோம். எம்ஆர்ஐ ஜனவரியில்.

வாக்கரும் கமோட் நாற்காலியும் சும்மா கிடக்கின்றன, புதிது மாதிரியே இருக்கும். யாருக்காவது வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பேக்கரியில் கொடுத்துவைக்கிறேன். காசு வேண்டாம்.

—

பனையேறி | அக்டோபர் 27, இரவு 9.14

நாற்காலி எனக்கு வேணுங்க அக்கா. மச்சானுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன்.